சிலியாவின் துடிப்பை அளப்பது எப்படி: எண்ணை மட்டும் நம்பாதவர்களுக்கு

இங்கிலாந்தில் குழந்தைகளுக்கான சுவாச நோய் ஆய்வகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து பேசும் மாணவர்களும் பழைய கல்லூரித் தோழிகளும் சுற்றிச் சுற்றி ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "சிலியா எத்தனை ஹெர்ட்ஸில் துடிச்சா நார்மல்?" சிலியா என்பவை மூச்சுப் பாதைச் செல்களின் மேல் முளைத்திருக்கும் நுண்ணிய குற்றிழைகள், ஒன்றை மட்டும் சொன்னால் சிலியம். உடல் சூட்டில், அதாவது 37 டிகிரி செல்சியஸில், ஆரோக்கியமான மூக்குச் செல்களில் நொடிக்கு ஏறக்குறைய 10 முதல் 15 முறை துடிக்கும். கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் இந்த எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நோயைத் தீர்மானித்தால், நோய் இருக்கும் சில குழந்தைகளை "ஒன்றுமில்லை" என்று அனுப்பிவைப்பீர்கள், சாதாரண சளி பிடித்த குழந்தைக்கு வாழ்நாள் நோயைச் சூட்டிவிடுவீர்கள். அதனால் அளக்கும் முறையோடு, எந்த அளவை எப்போது நம்பலாம் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

மூக்கிலிருந்து நுரையீரலின் சின்னக் குழாய்கள் வரை உட்சுவரில் இந்தக் குற்றிழைகள் அடர்ந்து நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஆறேழு மைக்ரான் நீளம், கால் மைக்ரான் தடிமன். ஒரு செல்லின் தலையில் ஏறத்தாழ 200 இருக்கும். எல்லாம் ஒரே திசையில் அலை அலையாக அடித்துச் சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளுகின்றன. இந்த இயக்கம் பிறவியிலேயே கெட்டிருப்பதுதான் பிரைமரி சிலியரி டிஸ்கினீசியா. நாங்கள் பிசிடி என்று சொல்வோம். சைனஸ் தொல்லை, நுரையீரல் குழாய்கள் விரிந்து புண்ணாவது, இதயம் வலப்பக்கம் இருப்பது என்ற மூன்றும் ஒன்றாக வருவதை 1933-ல் சூரிச்சில் மானெஸ் கார்டகெனர் விவரித்தார். அந்த நோயாளிகளின் சிலியாவுக்குள் இருக்க வேண்டிய டைனீன் கைகள், அதாவது சிலியாவை அசைக்கும் மோட்டார் புரதங்கள், இல்லை என்பதை 1976-ல் ஸ்டாக்ஹோமில் பியோர்ன் அஃப்ஸீலியஸ் எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் காட்டினார். அப்போது சிலியா அசைவதே இல்லை என்றுதான் நினைத்தார்கள். பிறகு பார்த்தால் பலரிடம் அவை அசைந்துகொண்டுதான் இருந்தன, ஆனால் தப்பாக அசைந்தன. எங்கள் வேலையின் சிக்கல் முழுக்க அந்த "தப்பாக" என்பதில்தான் இருக்கிறது.

யாரை, எப்போது

மாதம் நிறைந்து பிறந்தும் முதல் நாளிலேயே மூச்சுத் திணறி ஆக்ஸிஜனில் இருந்த குழந்தை. பிறந்ததிலிருந்து வருடம் முழுக்க ஒழுகும் மூக்கு. கோடையிலும் நிற்காத ஈர இருமல். காதுக்குள் தேங்கும் நீர். இதயம் வலப்பக்கம். இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் பரிசோதிக்க வேண்டும். பிசிடி உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான் உறுப்புகள் இடம் மாறியிருக்கும். இதயம் சரியான பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக நோயைத் தள்ளிவிடக் கூடாது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (சளி கெட்டியாகும் பிறவி நோய்), நோய் எதிர்ப்புக் குறைபாடு இரண்டையும் முன்பே பார்த்து ஒதுக்கியிருந்தால் நல்லது.

உறவுக்குள் கல்யாணம் நடந்திருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலான பிசிடி மரபணுக் கோளாறுகள் தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பிரதி வந்தால்தான் வெளிப்படும். இங்கே பிராட்ஃபோர்டில், உறவுத் திருமணம் அதிகமுள்ள தெற்காசியக் குடும்பங்களில் பிசிடி 2,265 பேருக்கு ஒருவர் என்ற அளவில் இருப்பதாக 2010-ல் வெளியான ஆய்வு காட்டியது. பொதுவாகப் பத்தாயிரத்தை ஒட்டி ஒன்று என்று சொல்லிவந்த நோய் இது. மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று கட்டிப் பழகிய நமக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். குற்றம் சாட்டுவது போல் இல்லாமல், தாத்தா பாட்டி ஊரைக் கேட்பது போல் கேட்டால் தானாகச் சொல்வார்கள்.

சளி, காய்ச்சல் வந்து போயிருந்தால் குறைந்தது நான்கு வாரம், முடிந்தால் ஆறு வாரம் கழித்து வரச் சொல்லுங்கள். வைரஸ் தாக்கிய மூக்கில் ஆரோக்கியமான ஆளின் சிலியாகூடத் தடுமாறும், பாதி உதிர்ந்தும் போயிருக்கும். பரிசோதனை நாளில் மூக்கடைப்புக்கான சொட்டு மருந்து வேண்டாம். மரத்துப்போக வைக்கும் லிடோகெய்னும் வேண்டாம், அது சிலியாவை மந்தமாக்கும். ஆஸ்துமாவுக்கான சால்புடமால் நேர்மாறாக வேகத்தைக் கூட்டும். எந்த மருந்தை எப்போது எடுத்தார்கள் என்பதைப் படிவத்தில் எழுதிவிடுங்கள்.

மூக்கிலிருந்து எடுப்பது

பிராங்கோஸ்கோப்பிக்கு (குழாய் விட்டு நுரையீரலைப் பார்ப்பதற்கு) பயன்படும் சின்ன சைட்டாலஜி பிரஷ், அதாவது செல்களைத் தேய்த்து எடுக்கும் பிரஷ், போதும், இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலம். குழந்தையை முதலில் மூக்கைச் சிந்தச் சொல்லுங்கள். சின்னக் குழந்தை என்றால் அம்மா மடி. அம்மாவின் ஒரு கை குழந்தையின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள, இன்னொரு கை நெற்றியில். லண்டனிலிருந்து வந்த யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் என் முகத்தைப் பார்த்துத் தமிழ் என்று கண்டுபிடித்து, "நோகுமோ, அக்கா?" என்று கேட்டார். வலி என்று சொல்ல முடியாது, உறுத்தும், கண்ணில் தண்ணீர் வரும், ஒரு சொட்டு ரத்தம் வந்தாலும் பயப்படாதீர்கள் என்றேன். இதை முன்கூட்டிச் சொல்லாமல் பிரஷை நீட்டினால் இரண்டாவது மூக்குத் துவாரம் உங்களுக்குக் கிடைக்காது.

பிரஷை மேலே பார்த்துக் குத்தாதீர்கள். மூக்கின் தரையை ஒட்டி நேராகப் பின்னால் கொண்டுபோய், பக்கச் சுவரில் கீழே புடைத்திருக்கும் டர்பினேட்டின் மேல் இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் தேய்த்து எடுங்கள். முன்பக்கம் தேய்த்தால் தட்டையான தோல் செல்கள்தான் வரும், அதில் சிலியா இருக்காது. வெளியே எடுத்ததும் செல்களை உயிரோடு வைக்கும் திரவம், ஹெப்பீஸ் கலந்த மீடியம் 199, உள்ள குப்பியில் பிரஷை முக்கி நன்றாக உதறுங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் வெள்ளைப் பிசிறுகள் மிதப்பது கண்ணுக்கே தெரியும். தெரியாவிட்டால் அங்கேயே அடுத்த துவாரத்தையும் எடுத்துவிடுங்கள். குழந்தை வீட்டுக்குப் போன பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை.

குப்பியை உறைய வைக்கக் கூடாது, ஃபார்மலினில் போடவே கூடாது. சில மணி நேரத்துக்குள் பார்ப்பது உத்தமம்.

சூடு

ஆய்வகத்துக்கு ஆய்வகம் எண்கள் மாறுவதற்கு முதல் காரணம் வெப்பநிலைதான். அறைச் சூட்டில் சிலியா மெதுவாகத் துடிக்கும், சூடேறினால் வேகம் கூடும். "8 ஹெர்ட்ஸ்" என்று ஒருவர் எழுதினால் எத்தனை டிகிரியில் என்று தெரியாமல் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

மைக்ரோஸ்கோப் மேடையில் ஹீட்டர் இருக்கிறது, திரையில் 37 காட்டுகிறது என்று திருப்திப்படாதீர்கள். 100 மடங்கு ஆயில் இம்மர்ஷன் லென்ஸைப் பயன்படுத்தும்போது எண்ணெய் வழியாக லென்ஸ் சூட்டை உறிஞ்சிவிடும். மேடை 37, செல்கள் இருக்கும் துளி 32 என்பது சர்வ சாதாரணம். லென்ஸுக்கும் ஹீட்டர் வளையம் மாட்ட வேண்டும். மெல்லிய தெர்மோகப்பிள் கம்பியைத் துளிக்குள்ளேயே விட்டு, எண்ணெய் தொட்ட நிலையில் அளந்து பாருங்கள். துளி 37-ஐத் தொட மேடை எத்தனையில் இருக்க வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதி மைக்ரோஸ்கோப்பிலேயே ஒட்டிவிடுங்கள். ஸ்லைடை வைத்ததும் படமெடுக்கத் தொடங்காமல் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள்.

ஸ்லைடுக்கும் கவர்ஸ்லிப்புக்கும் நடுவில் சிறு இடைவெளி வேண்டும். அழுத்தினால் செல்கள் நசுங்கும், சிலியாவுக்கு அடிக்க இடமிருக்காது. நடுவில் ஒட்டும் ஸ்பேசர் வைத்து, ஓரங்களை மூடிவிட்டால் துளி காயாது, உள்ளே நீரோட்டமும் வராது.

ஓரத்தைத் தேடுவது

நேரம் போவது இங்கேதான். குப்பியில் உள்ளதில் பாதி சளியும் ரத்தச் சிவப்பணுக்களும் தனித்தனியே உதிர்ந்த செல்களும். தனிச் செல்லைப் படமெடுக்காதீர்கள். அது தன் துடிப்பாலேயே பம்பரமாகச் சுற்றும், அதன் அசைவை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. செல்கள் வரிசையாக ஒட்டியிருக்கும் துண்டு வேண்டும். ஓரம் குறைந்தது 50 மைக்ரான் நீளம், உடையாமல், சளி ஒட்டாமல் இருக்க வேண்டும். முதலில் சின்ன லென்ஸில் ஸ்லைடு முழுக்க ஒரு நடை போய், நல்ல துண்டுகளைக் குறித்துக்கொண்ட பிறகு பெரிய லென்ஸுக்கு மாறுங்கள்.

நல்லதாகத் துடிக்கும் துண்டை மட்டும் பொறுக்கி எடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். கண் தானாக அசைவின் பக்கம்தான் போகும். அசையாத துண்டும், தகுதியானதாக இருந்தால், கணக்கில் வர வேண்டும். அதனால் நான் ஸ்லைடின் ஒரு மூலையில் ஆரம்பித்து வரிசையாகப் போய், எதிர்ப்படும் முதல் பத்துத் தகுதியான ஓரங்களைப் படமெடுத்துவிடுவேன். அழகு பார்ப்பதில்லை.

பக்கவாட்டுத் தோற்றம் முக்கியம், அதில்தான் ஒரு சிலியம் முன்னே அடிப்பதும் மடங்கித் திரும்புவதும் முழுசாகத் தெரியும். அது போதாது. நம்மை நோக்கி அடிக்கும் தோற்றத்தையும், மேலிருந்து பார்க்கும் தோற்றத்தையும் எடுத்து வையுங்கள். ஏன் என்பது கீழே வரும்.

படமும் கணக்கும்

சாதாரண வீடியோ நொடிக்கு 25 அல்லது 30 ஃபிரேம் எடுக்கும். நொடிக்கு 12 முறை துடிக்கும் ஒன்றுக்கு அதில் ஒரு துடிப்புக்கு இரண்டு சொச்சம் ஃபிரேம்தான் கிடைக்கும். சினிமாவில் ஓடும் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வது போல் தெரிகிறதே, அதே ஏமாற்று வேலைதான் இங்கேயும் நடக்கும். எங்கள் கேமரா நொடிக்கு 500 ஃபிரேம் எடுக்கிறது. ஒரு துடிப்புக்கு 40 ஃபிரேம் கிடைக்கிறது. அதை நொடிக்கு 30 என்று மெதுவாக ஓடவிட்டால் ஒரு துடிப்பு ஒரு நொடிக்கு மேல் நீளும், கண்ணால் நிதானமாகத் தொடரலாம்.

கையால் எண்ணுவது இப்படி. ஓரத்தில் தெளிவாகத் தெரியும் ஒரு சிலியக் கொத்தைப் பிடியுங்கள். அது முன்னே சாயத் தொடங்கும் ஃபிரேம் எண்ணைக் குறியுங்கள். ஐந்து முழுத் துடிப்பு முடிந்து அதே இடத்துக்கு வரும் ஃபிரேமைக் குறியுங்கள். நடுவில் 200 ஃபிரேம் போயிருந்தால், 500-ஐ 200-ஆல் வகுத்து 5-ஆல் பெருக்க 12.5 ஹெர்ட்ஸ். ஐந்து துடிப்புக்கு 400 ஃபிரேம் என்றால் 6.25. ஒரே வீடியோவில் வெவ்வேறு இடங்களில் இதைத் திரும்பச் செய்யுங்கள். சராசரியோடு, எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை சிதறியிருக்கிறது என்பதையும் எழுதுங்கள். அசையாத இடங்களைப் பூஜ்யமாகச் சராசரியில் கலக்காதீர்கள். ஓரத்தில் பாதி நின்று, மீதிப் பாதி 12-ல் துடித்தால் சராசரி 6 வரும். அந்த 6-ல் துடிக்கும் சிலியா அந்த மூக்கில் ஒன்றுகூட இல்லை. நின்றவை எத்தனை சதவீதம் என்று தனியாக எழுதுங்கள்.

மென்பொருள்கள் இருக்கின்றன. இமேஜ்ஜே என்ற படப் பகுப்பாய்வு மென்பொருளில் ஓடும் சிலியாஎஃப்ஏ, அமெரிக்காவிலிருந்து வந்த சாவா போன்றவை ஒளி மாறுவதை, அதிர்வெண்ணைப் பிரித்துக் காட்டும் ஃபூரியர் கணக்கில் போட்டு நொடியில் எண்ணைத் தரும். நிறைய மாதிரிகளுக்கு உதவும், கை சோர்வு இல்லை. ஆனால் அந்தக் கணக்குக்கு அசைவது சிலியாவா வேறு எதுவுமா என்பது தெரியாது. ஏசி கம்ப்ரசரில் மேசை அதிர்ந்தாலும் ஓர் எண் வரும். அசையாத சிலியாவின் பக்கத்தில் ஒரு சிவப்பணு ஆடிக்கொண்டிருந்தாலும் ஓர் எண் வரும். மென்பொருள் தந்த எண்ணில் சந்தேகம் வந்தால், வீடியோவைத் திறந்து அந்தக் கட்டத்தை நீங்களே எண்ணிப் பாருங்கள். சந்தேகம் வராவிட்டாலும் ஒன்றிரண்டை எண்ணிவிடுங்கள்.

எப்படி அசைகிறது

இனி எண்ணை ஓரமாக வைத்துவிட்டு வீடியோவைப் பாருங்கள். ஆரோக்கியமான சிலியம் விறைப்பாக நிமிர்ந்து முன்னே வீசி அடிக்கும், பிறகு மடங்கி அதே தளத்தில் பின்னே வரும். வீச்சு முழுசாக இருக்கும். பக்கத்துச் சிலியம் ஒரு கணம் பிந்தி அதையே செய்யும், அதனால் அலை ஓடுவது தெரியும்.

வெளிப்புற டைனீன் கைகள் இல்லாதவர்களிடம், டிஎன்ஏஎச்5, டிஎன்ஏஐ1 மரபணுக் கோளாறுகளில், பெரும்பாலானவை நின்றுபோயிருக்கும். அங்கங்கே சில லேசாக வெடுக்கென்று துடித்து அடங்கும். இதைப் புதியவர்கள்கூடப் பிடித்துவிடுவார்கள். சிசிடிசி39, சிசிடிசி40 கோளாறுகளில் சிலியா அசையும், ஆனால் வளையாது. அடியிலிருந்தே விறைப்பாக, குறுகிய வீச்சில் ஆடும்.

மூன்றாவது வகைதான் புதியவர்களைக் கவிழ்ப்பது. சிலியத்துக்குள் நடுவில் உள்ள இரட்டைக் குழல் அல்லது சுற்றுக் குழல்களிலிருந்து அதை நோக்கி நீளும் ரேடியல் ஸ்போக் கோளாறில், பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ஓரளவு சரியாகவே அசைவது போலிருக்கும், எண்ணும் நார்மலை ஒட்டி வரலாம். மேலிருந்து எடுத்த வீடியோவைத் திறந்தால், ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுவது போல் ஒவ்வொரு சிலியத்தின் நுனியும் வட்டம் போட்டுக்கொண்டிருக்கும். எல்லாம் சுற்றுகின்றன, சளி நகரவில்லை. மேலிருந்தும் எடுங்கள் என்று சொன்னது இதற்குத்தான். இந்த வகையில் இதயம் இடம் மாறியிருக்காது. கருவில் இடவலத்தைத் தீர்மானிக்கும் சிலியாவில் அந்த நடுக்குழல் இயல்பாகவே கிடையாது, ஆகவே அங்கே கெடுவதற்கு ஒன்றுமில்லை.

டிஎன்ஏஎச்11 மரபணுக் கோளாறு இன்னும் மோசம். எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் எல்லாம் சரியாகத் தெரியும். துடிப்பு குறைவதற்குப் பதில் கூடியிருக்கலாம்: ஐந்து துடிப்புக்கு 150 ஃபிரேம், அதாவது 16.7 ஹெர்ட்ஸ். எண்ணை மட்டும் பார்ப்பவர் "ரொம்ப நல்லா துடிக்குதே" என்று கையெழுத்துப் போடுவார். வீடியோவிலோ வீச்சு குறுகி, விறைத்து, நடுங்கிக்கொண்டிருக்கும். இங்கிலாந்தின் லெஸ்டர் ஆய்வுக் குழுவினர் 2010-ல் வெளியிட்ட ஆய்விலும் அதிர்வெண்ணைவிட அசைவு முறையே பிசிடியை நன்றாகப் பிரித்துக்காட்டியது.

இன்னொன்று: மாதிரியில் செல்கள் நிறைய, சிலியா மட்டும் அங்கொன்றும் இங்கொன்றும். "மாதிரி போதவில்லை" என்று எழுதி முடித்துவிடத் தோன்றும். முதல் முறை சரி. நோய்த்தொற்று இல்லாத நேரத்தில் எடுத்தும் திரும்பத் திரும்ப மொட்டையாகவே வந்தால், சிலியா உருவாவதே குறையும் வகையை, சிசிஎன்ஓ போன்ற மரபணுக்களை, நினைத்துப் பார்க்க வேண்டும்.

பிறவியா, வந்து போவதா

ஒரே மாதிரியில் தப்பான அசைவைக் கண்டதும் முடிவு சொல்லாதீர்கள். தொற்று, புகை, உரசிய காயம் எல்லாம் இதே போல் காட்டும். ஐரோப்பிய சுவாச சங்கத்தின் 2017 வழிகாட்டுதலும் அதிர்வெண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள், பரிசோதனையைத் திரும்பச் செய்யுங்கள் அல்லது செல்களை வளர்த்த பிறகு பாருங்கள் என்றது. வளர்ப்பது என்றால், மூக்குச் செல்களைப் பெருக்கி, ஒரு சவ்வின் மேல் பரப்பி, மேலே உள்ள திரவத்தை எடுத்துவிட்டுக் காற்றுப்படும்படி வாரக்கணக்கில் வைப்பது. புதிய சிலியா முளைக்கும். தொற்றால் வந்த கோளாறு அதில் இருக்காது, மரபணுக் கோளாறு அப்படியே திரும்பி வரும். செலவும் பொறுமையும் வேண்டும், எல்லா முறையும் வளராது.

அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் 2018-ல் இந்த வீடியோ முறையை நோய் உறுதிப்படுத்தும் சோதனைகளில் சேர்க்காமல் விட்டது. ஆய்வகத்துக்கு ஆய்வகம் செய்முறை மாறுகிறது என்பது அவர்கள் வாதம். எனக்கு அதில் பாதி சம்மதம்: பழகாத கண் பார்த்தால் இந்தச் சோதனை ஆபத்துதான். பழகிய கண் பார்த்து, மூக்கில் நைட்ரிக் ஆக்ஸைடு அளவு, எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப், மரபணுச் சோதனை ஆகியவற்றோடு சேர்த்துப் பயன்படுத்தினால், அன்றைக்கே மருத்துவருக்கு ஒரு திசை காட்டக்கூடியது இது.

கண்ணைப் பழக்க விலை உயர்ந்த கேமராவுக்குக் காத்திருக்க வேண்டாம். பல ஃபோன்கள் நொடிக்கு 240 ஃபிரேம் எடுக்கின்றன. மீன் மார்க்கெட்டில் உயிருள்ள மட்டி வாங்கி, செவுளின் ஒரு நூலைக் கடல்நீரில் வைத்து, கல்லூரி மைக்ரோஸ்கோப்பின் 40 மடங்கு லென்ஸில் ஃபோனைப் பிடித்துப் படமெடுங்கள். அறைச் சூட்டிலேயே அலை ஓடுவது அருமையாகத் தெரியும். எண்ணிப் பழக அது போதும், நோயாளிக்கு முடிவு சொல்ல அது போதாது.

அறிக்கை

நான் எழுதும் வரிசை: மாதிரி எடுத்த நாள், கடைசியாகச் சளி பிடித்தது எப்போது, எத்தனை தகுதியான ஓரங்கள், துளியின் வெப்பநிலை. அடுத்து அசைவு முறை, வார்த்தைகளில். அதற்கு அப்புறம்தான் எண். கடைசியில் "நார்மல்", "பிசிடிக்குப் பொருந்துகிறது", "முடிவு சொல்ல முடியவில்லை, மீண்டும் எடுக்கவும்" இவற்றில் ஒன்று. மூன்றாவதை எழுதக் கூச்சப்படாதீர்கள். குழந்தையின் பெயரும் கதையும் தெரியாத இன்னொருவரிடம் அதே வீடியோக்களைக் கொடுத்து, அவர் கருத்தையும் வாங்கிய பிறகே அனுப்புங்கள்.

மூல வீடியோக்களை அழிக்காதீர்கள். சில வருடம் கழித்து மரபணுச் சோதனை புதிதாக ஏதாவது சொன்னால் திரும்பிப் பார்க்க வேண்டிவரும். கோப்பின் பெயரிலேயே ஃபிரேம் வேகத்தையும் வெப்பநிலையையும் எழுதி வையுங்கள், 500 என்று நினைத்து 400-ல் எடுத்த வீடியோவை எண்ணினால் 10 ஹெர்ட்ஸ் 12.5 ஆகிவிடும்.